டோரீன் கடை மாட்டுமணியும் நம் வெளியுறவுக் கொள்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி ஹேகன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்களுக்குப் புதிதாகப் பொருத்தியிருக்கும் முழங்காலும், தங்கள் கணவர் லெஸ்டரும் நலமாயிருக்க விழைகிறேன். நான் நலமா என்று கேட்பார் யாருமில்லை என்பதால் அதற்குப் பதில் எழுதித் தங்கள் பத்திரிகையின் இடத்தை அடைக்கவில்லை.

நான் வாய் மூடிக்கொண்டிருந்தது போதும். இக்கடிதம் வரும் வியாழக்கிழமை இதழிலேயே, ஒரு வரிகூட வெட்டாமல் வந்தாக வேண்டும். அன்று காலை ஆர்லோ கெட்டல்சன் டோரீன் உணவகத்தின் ஜன்னலோர மேசைக்கு வருகிறான். அவன் இதைப் படித்தாக வேண்டும். வெட்டாமல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்ற முறை நான் அனுப்பியதில் பாதியை வெட்டி, மீதியை லூதரன் சர்ச் விருந்து அறிவிப்போடு ஒட்டிவிட்டீர்கள். ‘நாடாளுமன்றத்தைக் கேட்காமல் எந்த அதிபரும்’ என்று ஒரு பத்தியில் முடிந்த என் வாக்கியம், ‘உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவரக் கூடாது, ஏற்கெனவே நிறைய இருக்கிறது’ என்று அடுத்த பத்தியில் தொடர்ந்தது. அன்றிலிருந்து இவ்வூரில் அரசியல் சட்டத்தைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசவில்லை. சாலட்டைப் பற்றிப் பேசாதவர் ஒருவரும் இல்லை.

நான் அன்று சொன்னது இதுதான். போர் தொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. இரண்டு கட்சிக்காரர்களும் அதை மாறி மாறி அதிபர்களின் காலடியில் வைத்துவிட்டு, தங்கள் ஆள் குண்டு போட்டால் கைதட்டுகிறார்கள், எதிராள் போட்டால் அரசியல் சட்டத்தைத் தேடி எடுக்கிறார்கள். நான் வாக்களிக்கும் கட்சியும் இதில் சேர்த்தி. அதனால்தான் இரு கட்சி அலுவலகத்திலும் எனக்குக் காபி கொடுப்பதில்லை.

இனி மணியின் கதை. ஜன்னலோர மேசையில் தங்கள் கணவரும் உட்காருவதால் தாங்கள் இதை மறுக்க முடியாது. வணிகப் போர் தொடங்கிய வசந்தத்தில் நான் ஆர்லோவிடம், நம் சோயாவை வாங்கும் வெளிநாட்டுக்காரன் சும்மா இருக்க மாட்டான், பிரேசிலுக்குப் போய்விடுவான் என்றேன். அவன், “நம்மாளு அவங்கள மண்டி போட வைப்பாரு, பொறுத்துப் பாரு” என்றான். “மண்டி போடப்போறது உன் தானியக் குதிருதான்” என்றேன். “யோவ் வாத்தியாரே, நீ ஒரு ஏக்கராவது உழுதிருக்கியா? காலேஜே உன் வகுப்பு வேணாம்னு கதவச் சாத்திருச்சு. அங்க கேக்க ஆளில்லாமத்தான இங்க வந்து வகுப்பெடுக்கற?” என்றான். மேசை சிரித்தது. லெஸ்டரும் சிரித்தார். அது என் மனதில் பத்திரமாக இருக்கிறது.

மறுநாளே ஆர்லோ, மாடுகளை விற்றபோது மிஞ்சிய ஒரு கழுத்துமணியைக் கொண்டுவந்து சர்க்கரைக் கிண்ணத்துக்கு அருகில் வைத்தான். யார் அரசியல் பேசினாலும் அடிப்பது என்று விதி. யார் என்றால் யார், நான்தான். காபி விலை ஏறிவிட்டது என்று டோரீன் சொன்னாள். “காபி என்ன அயோவாலயா விளையுது? வரி போட்டா ஏறத்தான செய்யும்” என்றேன். மணி. லெஸ்டர் பாவப்பட்டு, “ஹாக்கி பத்திப் பேசலாமே” என்றார். “கனடாக்காரன நாம பேசுன பேச்சுக்கு அவன் இனி நம்மகூட விளையாடறதே பெருசு” என்றேன். மணி. உரத்தைப் பற்றிப் பேசினோம். உரமும் கனடாவிலிருந்துதான் வருகிறது. மணி. மழையைப் பற்றிப் பேசினோம். “வானிலை ஆபீசுல ஆளக் குறைச்சுட்டா மழை வருமா வராதான்னு யாரு சொல்லுவா?” என்றேன். நீண்ட மணி. “வாயத் தொறக்காம அந்தப் பேன்கேக்கைத் தின்ன முடியுமா உன்னால?” என்றான் ஆர்லோ. திறக்காமல் எப்படித் தின்பது என்று கேட்டேன். அதற்கும் அடித்தான், அது எந்த விதியில் வருகிறதென்று இன்றுவரை விளங்கவில்லை.

அன்று எழுந்தவன்தான். கல்லாவுக்குப் பக்கத்துச் சுழல் நாற்காலிக்கு மாறி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றேன். முதுகுக்கும் காது உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. நான் போன பிறகு அந்த மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. பேச்சும் இல்லை. கரண்டி தட்டில் உரசும், யாரோ செருமுவார்கள், ஆர்லோ “ம்” என்பான். அந்த அமைதி என்னால் கிடைத்த வெற்றி என்று முதலில் நினைத்தேன். பிறகு அதைக் கேட்க முடியாமல் கோடையில் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். என் மனைவி கொரீன் விட்டுப்போன சமையலறையில் வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டு ரொட்டி சுட்டுத் தின்கிறேன். வானொலி குறுக்கே பேசுவதில்லை என்பது அதன் பெரிய குறை.

கூட்டணி நாடுகளைப் பற்றி என் கருத்தைத் தங்கள் வாசகருக்குப் புரியும்படி சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு விவசாயி அறுப்புக் காலத்தில் படுத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் தங்கள் அறுவடை இயந்திரங்களை ஓட்டிக்கொண்டு வந்து அவன் வயலை ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவன் யாருக்கு வாக்களித்தான் என்று கேட்பதில்லை, டீசலுக்கு என்ன தருவாய் என்றும் கேட்பதில்லை. அடுத்த வருடம் படுப்பது நாமாக இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இதையே உலகத்தோடு செய்யச் சொன்னால் மட்டும் நாம் ஏமாளியாகிவிடுவோமாம். பழைய நண்பர்களிடம் வாடகை கேட்கிறோம், பிறகு தனியாக நிற்கிறோம், தனியாக நிற்பதைப் பலம் என்கிறோம்.

இந்த உதாரணத்தைப் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போது பேனா தடுமாறுகிறது. காரணம், போன சனிக்கிழமை. கல்லூரி வேலை போன பிறகு நான் தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை எடைபோட்டு அனுப்புகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். காலையில் லெஸ்டர் ஒரு லாரி சோயாவோடு வந்தார். தங்களுக்கேது சோயா என்று வியந்து, “யாருதுங்க இது?” என்றேன். “ஆர்லோவோடது. நெஞ்சைத் தொறந்து தச்சிருக்காங்களே, உனக்குத் தெரியாதா?” என்றார். “தெரியும்” என்றேன். தெரியாது. அவர் பின்னால் பாதிரியார் வந்தார், அவர் பின்னால் டோரீனின் மருமகன். ஊரே அவன் வயலில் நின்றிருக்கிறது. கிடங்கு வாசலில் விலைப்பலகை தொங்குகிறது. சோயா விலை நான் சொன்ன இடத்தில்தான் கிடந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து என் வாக்கு பலித்தது, எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால், சொல்ல ஓர் ஆளில்லாமல்.

கடைசி லாரியை அவன் மனைவி லவோனே ஓட்டி வந்தாள். கண்ணாடியை இறக்கி, “நீ ஏன் வரல?” என்றாள்.

“யாரும் கூப்பிடலையே.”

“இதுக்கெல்லாம் பத்திரிகை அடிச்சா கூப்பிடுவாங்க? மேசைல பேச்சு வந்துச்சு, அவங்கவங்க வந்தாங்க. நீ மேசைல இருந்தியா?”

நான் எடை அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஏதும் கண்ணில் படவில்லை.

“அவரு உன்னக் கேட்டாரு” என்றாள்.

“என்னன்னு?”

“‘வெலை இப்படிக் கெடக்கு, வாத்தியாரு இன்னும் வந்து அன்னைக்கே சொன்னேன்லன்னு சொல்லலையே, செத்துகித்துப் போயிட்டானா’ன்னு.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “வியாழக்கிழம கடைக்குக் கூட்டிட்டு வர்றேன். அரை மணி நேரம் உக்காரலாம், ஆனா கோவம் வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மணிய வீட்லயே வெச்சிருவேன், அந்தச் சத்தம் இப்ப ஆகாது. உன் நாற்காலி அங்கதான் கெடக்கு, யாரும் உக்காரல. வர்றதுன்னா வா. வந்தா உன் வாய்க்கு நீதான் மணி” என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தாள்.

ஆகவேதான் திருமதி ஹேகன், நான் நேரில் போகாமல் இக்கடிதத்தை அனுப்புவது என்று முடிவு செய்தேன். நான் சொன்னது சரி, அவன் சொன்னது தவறு, சோயாவுக்கும் கனடாவுக்கும் அரசியல் சட்டத்துக்கும் நானே சாட்சி. இது என் பெயரோடும் பட்டங்களோடும் அச்சில் வரட்டும்.

கர்த்தர் தங்கள் முழங்காலையும் இந்தக் குடியரசையும் காப்பாராக. லெஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் சிரித்ததை நான் மறக்கவில்லை என்பதையும் சொல்லவும்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை தங்கள் பத்திரிகை அந்த மேசையில், சர்க்கரைக் கிண்ணத்துக்கு அருகில், மணி இருந்த இடத்தில்தான் கிடக்கும். அவன் தைத்த நெஞ்சோடு அதைத்தான் முதலில் எடுப்பான். எதிரே நாற்காலி இருக்கும், இதைப் படித்த பிறகு அதில் நான் இருந்தாலும் இல்லாதது போலத்தான்.

நேற்று மாலை முழுதும் சமையலறையில் ஒத்திகை பார்த்தேன். காபியைப் பற்றித் தொடங்கினேன், பிரேசிலில் முடிந்தது. அவன் நாயைப் பற்றித் தொடங்கினேன், நாய்த் தீவனத்தின் விலைக்கு வந்துவிட்டது. “வலிக்குதா?” என்று கேட்கலாம் என்று பார்த்தால், அடுத்த பேச்சு ஆஸ்பத்திரிச் செலவு, அது எங்கே போய் நிற்கும் என்று தங்களுக்கே தெரியும். அதனால் “வலிக்குதா” என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளப் பழகுகிறேன். இன்று காலை ஒருமுறை முடிந்தது.

பெயரில்லாத கடிதத்தைத் தாங்கள் அச்சிடுவதில்லை என்பது தங்கள் பத்திரிகையின் பழைய விதி, அதையும் நான் ஒருமுறை எதிர்த்து எழுதியிருக்கிறேன். ஆனால் அப்படி வருபவற்றையும் தாங்கள் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று லெஸ்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்வளவையும் ஒருவராவது படிக்க வேண்டும், அது ஆர்லோவாக இருக்கக் கூடாது. ஆகவே இதைக் கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன்.