எழுநூற்று ஐம்பத்தொன்பதாவது நாளில் சகலைக்கு எழுதுவது

மஹய்யாவ, கண்டி.
09.11.2025, ஞாயிறு.

வத்தேகம சகலை திரு. கணபதி அவர்களுக்கு,

மஹய்யாவயிலிருந்து வீரய்யா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மனைவியின் அக்கா யசோதாவும் சுகம், என் பிரஷரைத் தவிர. அங்கே நீங்களும் நாகேஸ்வரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் விசாரிக்கத் தேவையில்லை. வத்தேகம சந்தைக்கு மரக்கறி வாங்க வருகிற எவரும் உங்கள் கடை வாசலில் தொங்குகிற பேனரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான பஸ் தூரத்தில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் புகுந்து "பொறுமையா இருங்க சகல, எல்லாத்துக்கும் நேரம் வரணும்" என்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை இல்லை. மாநகர சபையில் முப்பத்திரண்டு வருசம் எழுதுவினைஞராக இருந்தவன், திகதியை வைத்துத்தான் பேசுவேன். என் மகன் தினுஷனும் உங்கள் மகள் தர்ஷிகாவும் கனடாவில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் அனுப்பியது 2023 ஒக்டோபர் 12. ஒரே நாள், ஒரே மேசை, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே தேத்தண்ணிப் போத்தல். தர்ஷிகா கையை உயர்த்திச் சத்தியம் செய்து அந்த நாட்டுப் பிரஜை ஆனது 2024 ஜூலை 2. இருநூற்று அறுபத்துநான்கு நாள். தினுஷனுக்கு இன்றோடு எழுநூற்று ஐம்பத்தொன்பது நாள், இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுடைய விண்ணப்ப இலக்கத்தைப் போனில் அடித்துப் பார்ப்பேன். "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். சாயங்காலம் ஒருதரம் பார்ப்பேன். அப்போதும் பரிசீலனையில்தான் இருக்கும். இதற்கு நடுவில் அவனுடைய இலங்கைப் பாஸ்போட் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கவா என்று கேட்டான். "இன்னும் ரெண்டு கிழமையில புதுசு வந்துரும், பழசுக்கு எதுக்குடா லைன்ல நிக்கிற?" என்று நான்தான் சொன்னேன். அப்படிச் சொல்லி இருபத்திரண்டு மாதம் ஆகிறது. பாஸ்போட் இல்லாமல் பிளேனில் ஏற்ற மாட்டார்கள். அவன் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தது 2021 மார்கழியில்.

தீபாவளிக்குத் தர்ஷிகா வந்தாள். வரவேண்டிய பிள்ளை, வந்தது சந்தோசம். அதற்கு எதற்குச் சகலை பத்தடி நீளத்தில் "கனேடியப் பிரஜை செல்வி தர்ஷிகாவை வருக வருக என வரவேற்கிறோம்" என்று பேனர்? அவளைத் தெரியாத ஆள் வத்தேகமயில் யார்? அதில் பிள்ளையின் படத்தைவிட உங்கள் படம் பெரிதாக இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சனங்கள் சொல்கிறார்கள். அவள் கொடியோடு நிற்கிற போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் பதினேழு தரம் போட்டீர்கள், நான் அந்தக் குழுவை விட்டே விலகிவிட்டேன். ஆனாலும் விருந்துக்கு அழைத்தீர்கள், மரியாதைக்காக வந்தோம். யசோதா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தர்ஷிகாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. "விடுங்க பெரியம்மா, கை கழுவிட்டு வர்றேன்" என்றது பிள்ளை. "இருடி, போன கிழம அவன்கூட உக்காந்து சாப்பிட்ட கை" என்றாள். நான் பார்க்காத மாதிரி பாயாசத்தைக் குடித்தேன். அந்த நேரம்தான் சகலை, மேலே இரண்டாம் பத்தியில் எழுதியதைக் கொஞ்சம் திருத்தி வாசியுங்கள், எனக்குப் பொறாமை வந்தது. பாஸ்போட்டைப் பார்த்து இல்லை. உங்கள் வீட்டு வாசலில் ஒரு சோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்ததே, அதைப் பார்த்து.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தர்ஷிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியப்பா, பொறந்த எடம்னு இருந்த கட்டத்துல தினுஷனை என்னதான் எழுதச் சொன்னீங்க?" என்று கேட்டாள். உள்ளதைத்தான் எழுதச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாததா? நம் இரண்டு பேர் மனைவிமாரும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள். இரண்டு பிள்ளைகளும் மூன்று மாத இடைவெளியில் ஒரே தோட்டத்து ஆஸ்பத்திரியில், ஒரே கட்டிலில் பிறந்தவை. அந்தத் தோட்டம் துரைமார் எழுத்தில் கிளென்வரா. நம் சனங்களின் வாயில் மாட்டுப்பட்டித் தோட்டம். ஆஸ்பத்திரி இருந்தது மேமலை டிவிசன். அரசாங்கம் எடுத்த பிறகு போர்டில் உடகந்தவத்த. பிறப்புச் சான்றிதழில் வத்தேகம. நான் ஐந்தையும் எழுதச் சொன்னேன். கட்டத்துக்குள் இடம் போதாது என்றான். தனித்தாளில் எழுதலாம் என்று நானே நாலு பக்கம் எழுதி, லயத்து வீடுகள், கோயில், கொழுந்து நிறுக்கிற மடுவம் எல்லாம் காட்டிக் கையால் ஒரு படமும் கீறி அனுப்பினேன். எட்டாம் மாதம் அங்கிருந்து கடிதம் வந்தது: "இந்த ஐந்து இடங்களில் எதில் பிறந்தீர்கள் என்று தெளிவுபடுத்தவும்." ஐந்திலும் என்று பதில் போடச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? அதுதானே உண்மை?

"நான் கண்டின்னு மட்டும் போட்டேன் பெரியப்பா" என்றாள் உங்கள் மகள்.

"கண்டியில எங்கன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"தோட்டத்துப் பேரு?"

"அவங்களுக்கு அது எதுக்கு பெரியப்பா?"

நீங்கள் சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டு, "மாநகர சபைப் பைலைக் கனடாவுக்கும் தூக்கிட்டுப் போயிட்டீங்களா சகல?" என்றீர்கள். பந்தியே சிரித்தது. உங்கள் கடைக்குச் சாமான் போடுகிற மடவளை முஸ்லிம் அக்கா, ஸுலைஹா தாத்தா என்பீர்களே, அவரும் சிரித்தார், அவருக்கு விசயமே தெரியாது. அரைகுறையாக எழுதியவளுக்கு இருநூற்று அறுபத்துநான்கு நாள், முழுசாக எழுதியவனுக்கு எழுநூற்று ஐம்பத்தொன்பது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் எல்லோரும் பேராதனைப் பூந்தோட்டம் போனோம். டிக்கெட் கொடுக்கிற பெடியன் நம் எல்லோரையும் பார்த்து உள்ளூர் டிக்கெட்டுக்குத்தான் கையை வைத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் விசயம் முடிந்தது. நீங்கள் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி, "இவ கனடா சிட்டிசன்" என்றீர்கள். அவன் உடனே கையை எடுத்து, "அப்போ ஃபொரின் டிக்கெட் மாத்தயா" என்றான். உள்ளூர் விலையைவிடப் பல மடங்கு. மாட்டுப்பட்டித் தோட்டத்தில் பிறந்த பிள்ளை பிரான்சுக்காரர்களோடு லைனில் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் மூங்கில் பக்கம் வருவதற்குள் அதுவும் போய்விட்டது. என் மகனுக்கும் எப்போது இப்படி ஃபொரின் டிக்கெட் எடுப்பேன் என்று யோசனை வந்துவிட்டது. பாருங்கள், நஷ்டத்தைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட வைத்துவிட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தால் இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. உங்கள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தோட்டத்தில் ஒரே காலத்தில், தோட்டத்துச் சனங்களிடம் பறித்த இந்த நாட்டுப் பிரஜாவுரிமையைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள், அறுபத்தொன்பதில். உங்கள் அப்பாவுக்கு எழுபத்துமூன்றில் வந்தது. என் அப்பாவுக்கு எண்பத்தெட்டில் வந்தது. எழுபத்தேழு தேர்தலில் உங்கள் அப்பா ஓட்டுப் போடப் போனபோது, மழை என்று என் அப்பா அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனார். உள்ளே விடவில்லை, வெளியே நின்றார். திரும்பி வந்து அம்மாவிடம், "அவன் வெரலுல மை என்னமா இருக்கு தெரியுமா" என்றாராம். பத்தொன்பது வருசம் காத்திருந்தவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உங்கள் குடும்பத்துக்கு எப்போதும் முதல் பஸ், எங்களுக்கு அடுத்த பஸ். அப்பா அதைப் பொறுத்துக்கொண்டார். நான் அவரில்லை. நானும் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே நன்றாக யோசித்துச் சில முடிவுகள் எடுத்திருக்கிறேன். பேனரைக் கழற்றும்வரை உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன். என் மகனுக்குப் பிரஜாவுரிமை வரும்வரை உங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்க மாட்டேன். பொறுமை என்ற சொல்லை என் காதில் விழ இனி யாரும் சொல்லக் கூடாது. யசோதாவும் என் பக்கம்தான், அவளைக் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இது கோபத்தில் எழுதியதல்ல, மூன்று தரம் வாசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நாகேஸ்வரிக்கு என் அன்பைச் சொல்லவும், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பிப் போன தர்ஷிகா நோய்நொடியில்லாமல், நல்ல மாப்பிள்ளை அமைந்து, பேரும் புகழுமாக இருக்கட்டும். உங்கள் கடையில் வியாபாரம் பெருகட்டும், அளவாக.

இப்படிக்கு,
உங்கள் சகலை
வீரய்யா

பி.கு.: கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு யசோதாவிடம் முத்திரை கேட்டேன். யாருக்கு என்றாள். ஒன் தங்கச்சி புருசனுக்கு என்றேன். "வியாழக்கெழம ஒரே வேன்ல போகப் போற மனுசனுக்கு எதுக்கு முத்திர?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்தேன். தினுஷன் வியாழக்கிழமை வருகிறானாம். போன பங்குனியிலேயே அவள் எனக்குத் தெரியாமல் அவனிடம், "அந்த நாட்டுக்காரனா ஆகுறப்ப ஆகு, இப்ப எம்புள்ளையா வா" என்று சொல்லி, இலங்கைப் பாஸ்போட்டையே புதுப்பிக்க வைத்துவிட்டாளாம். அவனை இழுத்துக்கொண்டு போய் விண்ணப்பம் கொடுக்க வைத்தது தர்ஷிகாவாம். எயார்போர்ட்டுக்கு வேன் பேசியது நீங்களாம். "எனக்கு ஏன்டி சொல்லல?" என்றேன். "சொன்னா, ரெண்டு கிழம பொறுடான்னு மறுபடியும் நிறுத்திப்புடுவீங்க" என்றாள். ஒட்டிய கவரைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே மேலே எடுத்த முடிவுகள் எல்லாம் ரத்து. பேனர் இருக்கட்டும். ஒரே ஒரு விசயம். வேன் வத்தேகமயில் புறப்பட்டுத்தான் மஹய்யாவயில் யசோதாவை ஏற்ற வருகிறதாம். அப்படியானால் முன் சீட்டில் நீங்கள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் நான் புதன்கிழமை சாயங்கால பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், இடியப்பம் எனக்கும் சேர்த்து அவிக்கச் சொல்லவும். தபாலில் போட்டால் இந்தக் கடிதம் பிந்திவிடும், கையிலேயே கொண்டு வருகிறேன். வேன் வந்து, நான் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு பின்னால் உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள்.