பெல்பாட்டத்துக்குள் போன துப்பாக்கி

கைத்துப்பாக்கி வைத்திருப்பதில் நன்மைகள் உண்டு. எங்கள் தாம்பரம் வீட்டில் அது இருந்தவரை, ஏணி இரவல் கேட்க வந்தவர்கள்கூட வாசலோடு திரும்பிப் போனார்கள். தீமை ஒன்றே ஒன்றுதான். எனக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை.

வனத்துறையில் வேலை பார்த்த அப்பா விட்டுப்போன பெரிய ரிவால்வர் அது. அவருக்குப் பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. அம்மிக் குழவி மாதிரி கனம். (ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பதையே கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வேன்.) நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனால் பெண் கேட்டுப் போன இடமெல்லாம் 'அந்தத் துப்பாக்கிக்காரரா?' என்றார்கள்.

பல்லாவரம் தேவசகாயம் சார் மட்டும் நேரில் வரச் சொன்னார். அவர் மகள் ஸ்டெல்லாவை சர்ச் பாடகர் குழுவில் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

நல்ல வேளையாகத் தேர்தல் வந்தது. தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். காலையில் ஒப்படைப்பது, அப்படியே பல்லாவரம் போய், 'வீட்ல துப்பாக்கியே இல்லை சார்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது. இதுதான் என் மகத்தான திட்டம்.

"ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வாங்க சார்" என்றார் ஏட்டு.

வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வர நேரமில்லை. பையில் வைத்தால் ரயிலில் எவனாவது அடித்துக்கொண்டு போவான் என்று இடுப்பில் செருகிக்கொண்டேன். போட்டிருந்ததோ அண்ணனின் பெல்பாட்டம். அண்ணன் என்னைப்போல் இரண்டு பங்கு.

பல்லாவரம் வீட்டில் நான் உட்காரக்கூட இல்லை. "முதல்ல ஜெபம் பண்ணிடுவோம் தம்பி" என்றார் தேவசகாயம் சார். எல்லோரும் முழங்கால் போட்டோம். ரிவால்வர் இடுப்பிலிருந்து நழுவித் தொடை வழியாக இறங்கியது.

"ஆண்டவரே, ஆயுதங்கள் இந்த வீட்டை அணுகாமல் காரும்" என்று அவர் உருகினார். அது முழங்காலுக்கு வந்து நின்றது.

ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. எப்படி எழுவது?

"தம்பிக்கு எவ்ளோ பக்தி பாருங்க!" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா. தேவசகாயம் சார் நெகிழ்ந்துபோய், மறுபடி முழங்கால் போட்டு இன்னொரு ஜெபம் ஆரம்பித்தார். அதுவும் முடிந்தது. இனி வழியில்லை என்று எழுந்தேன்.

டமால்! பெல்பாட்டத்தின் வாய் வழியாக, அப்பாவின் ரிவால்வர் சிவப்புச் சிமென்ட் தரையில் வந்து விழுந்தது.

"குண்டு இல்லை சார்!" என்று இரண்டு கையையும் தூக்கி நின்றேன். (துப்பாக்கிக்காரனே கையைத் தூக்கியது உலகத்திலேயே அன்றுதான் நடந்திருக்கும்.) ஸ்டேஷனுக்குப் போனது, ஏட்டு திருப்பி அனுப்பியது, எனக்கு அதைக் கண்டாலே பயம் என்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

தேவசகாயம் சார் முகம் கறுத்தது. அப்போது ஸ்டெல்லா சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்பா, இவருக்கு அதை ஒழுங்கா ஒளிச்சு வைக்கக்கூடத் தெரியலை. இவரா ஆளைச் சுடப்போறாரு? இவரையே பேசி முடிங்கப்பா."

மாமனார் மாலையில் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து, ரிவால்வர் பீரோவுக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி பேசினார். முதலிலேயே 'வேண்டாம்' என்று முடிவு செய்துவிட்டு, அதை நேரில் சொல்லத்தான் என்னை வரச் சொல்லியிருந்தாராம். சின்னத் துப்பாக்கியாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் பாக்கெட்டிலேயே கிடந்திருக்கும். நானும் பிரம்மச்சாரியாகத் தாம்பரம் திரும்பியிருப்பேன். ஆகவே, வாங்கினால் பெரிதாக வாங்குங்கள்.

இன்றும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில், ஆமென் சொன்ன பிறகு பேரப்பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. தாத்தா முதலில் எழுந்து, வேட்டியை உதறிக் காட்ட வேண்டும்.