எட்டு மடங்கா, பன்னிரண்டு மடங்கா?

சிபு நகரில் குறைவின்றி வாழும் மைத்துனர் சங்காவ் அவர்களுக்கு, கத்திபாஸ் ஆற்றங்கரையிலிருந்து உங்கள் அக்காள் கணவன் மங்காட் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காளும் மகள் செனியாவும் நாய்கள் ஏழும் சுகம். உங்கள் அப்பாவும் சுகம். அவருடைய சுகம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீங்கள் பைனாகுலர் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அந்த 'ஒன்று' என்ற சொல்லில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது. மிளகுக்கொடிகள் நோய் கண்டு பட்டுப்போனபின், பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டி வேலைதான் எனக்கு ஒரே வழி. அதற்கு எட்டு மடங்கு காட்டும் பைனாகுலர் போதும். பார்வை அகலமாக இருக்கும், கிளை தாவும் குருவி தப்பாது. ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பன்றி வேட்டைக்குப் பன்னிரண்டு மடங்கு வேண்டுமாம். "அக்கரையில நிக்கிற பன்னியோட மீசைய நான் எண்ணணும் மாப்ள" என்கிறார். பைனாகுலர் ஒன்று, கழுத்து இரண்டு, நான் என்ன செய்வேன்?

சென்ற செவ்வாய்க்கிழமை யாரிடமோ பன்னிரண்டு மடங்கை இரவல் வாங்கி வந்துவிட்டார். அது செங்கல் கனம். அவருடைய கை நடுக்கத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மடங்காகக் காட்டும். அதை வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தவர், "பன்னி! கரும்பன்னி! குனிஞ்சு மேயுது!" என்று கத்த, ஏழு நாய், மூன்று துப்பாக்கி, இரண்டு படகு என்று, ஊரே ஒரு கூரையின்கீழ் வாழும் நம் நீளவீடே கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், பன்றி நிமிர்ந்து நின்று, "ஏன்யா, கீரை பறிக்கிறதுக்குமா துப்பாக்கி?" என்று கேட்டது. கறுப்புச் சட்டையில் நம் நீளவீட்டுத் தலைவர்! சுடாமல் போனது முன்னோர் புண்ணியம். தலைவர் எங்களுக்கு ஒரு கோழி அபராதம் போட்டார். உங்கள் அப்பாவோ, "கண்ணாடி மேல தப்பில்ல. இவர் மேயுற மாதிரிதான பறிச்சாரு?" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இதாவது கோழியோடு போயிற்று. வியாழக்கிழமை சுற்றுலா அதிகாரி லியூ அம்மாள் எனக்குத் தேர்வு வைக்க வந்தார். பள்ளி ஆசிரியரிடம் எட்டு மடங்கை இரவல் வாங்கி, பதினோரு பறவைகளைத் தவறில்லாமல் சொன்னேன். பன்னிரண்டாவதாக ஆற்றங்கரைப் பட்ட மரத்தில் வந்து உட்கார்ந்தது அது. செம்முதுகு, வெள்ளைத் தலை. பச்சைக் குழந்தைகூடப் பெயர் சொல்லும். நான் எப்படிச் சொல்வேன்? அதன் பெயர்தானே உங்கள் அப்பாவின் பெயர்! மாமனார் பெயரை மருமகன் வாயால் சொன்னால் வயிறு வீங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? மலாய்ப் பெயரிலும் உங்கள் அப்பா பாதி உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலப் பெயரோ அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

"சொல்லுங்க மங்காட், அது என்ன?"

"அது... எங்க மாமனாருங்க."

அம்மாள் பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எந்தக் கிளையில? மொதல்ல அவர எறங்கி வரச் சொல்லுங்க, விழுந்துடப் போறார்!"

"நான் இங்கதாம்மா நிக்கிறேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் கூப்பிடாமலே உங்கள் அப்பா வந்திருந்தார். அம்மாள் அவரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டில் நீளமாக ஏதோ எழுதிக்கொண்டு படகேறிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "தலை வெள்ளையா இருக்குற பறவைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று உங்கள் அக்காள் திட்டுகிறாள். அதுவும் தலை நரைத்த உங்கள் அப்பாவைச் சொன்னது போலத்தானே ஆகும்? பெயரைச் சொன்னால் வயிறு வீங்கும், சொல்லாவிட்டால் வயிறு காயும். பயமாக இருக்கிறது, சங்காவ். இந்த வேலையும் போனால் செனியாவின் படிப்பு நின்றுவிடும்.

ஆகவே காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்: எட்டு மடங்கே வாங்குங்கள். மழையில் நனைந்தால் கெடாததாக, மூக்குக்கண்ணாடியோடு பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் அப்பா போனில் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாதிருக்க முன்னோர்கள் துணை நிற்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
செனியாவின் அப்பா மங்காட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் லியூ அம்மாளிடமிருந்து ஆள் வந்துவிட்டது. வேலை எனக்குத்தான்! ஆனால் வரப்போகிற விருந்தாளிகளுக்கு அவர் அச்சடித்து அனுப்பியிருக்கும் பறவைப் பட்டியலில் முதல் வரி இது: 'வழிகாட்டியின் மாமனார். செம்முதுகு, வெள்ளைத் தலை. ஆற்றங்கரைப் பட்ட மரத்தில் காலையில் காணலாம்.' உங்கள் அப்பா அதைச் செனியாவிடம் கொடுத்து மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலை வாரிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னப் பாக்கத்தான கடல் தாண்டி வர்றாங்க? எட்டுல பாத்தா சின்னதாத் தெரிவேன் மாப்ள" என்கிறார். எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாராம். பன்னிரண்டே வாங்கி அனுப்புங்கள்.