பதினொரு வேண்டும், ஒரு வேண்டாம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். இசைத்தட்டு அலமாரி மட்டும் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதன் விவரம் கீழே வரும். உங்கள் நலமறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இதைப் படித்து முடித்த பிறகு அந்த நலம் என்ன ஆகுமோ என்ற பயமும் கூடவே வந்துவிட்டதால், ஆவல் பாதி, அச்சம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பல் மருத்துவர். நாற்காலியில் யாராவது வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் நேரத்தில் தயவுசெய்து இதைப் படிக்காதீர்கள். அந்த நோயாளி நிரபராதி.

போன வியாழக்கிழமை தொலைபேசியில் நீங்கள், "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம பசங்களையும் கூட்டிட்டு வர்றேன் அத்தான். தாத்தா குரலக் கேக்கப் போறோம்னு சொல்லிவெச்சிருக்கேன். புதுத் தட்டு வந்துருச்சில்ல?" என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். தட்டு முந்தின நாளே வந்துவிட்டதால் அந்த "ம்" பொய்யில்லை. ம் என்பது மெய்யெழுத்துதான். ஆனால் நான் சொன்னது முழு மெய்யில்லை. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்களைச் சுழற்றி, நீங்கள் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். பேசாமல் வைத்தது யார் என்று நீங்கள் குழம்பியிருந்தால், அது நான்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்தின் மெய்ப்பு அறையில் பிழை திருத்திக்கொண்டு முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு விஷயத்தை நடுவில் தொடங்க வராது. உலகம் முழுக்கச் சினிமாப் பாட்டுச் சேர்க்கும்போது நான் மட்டும் படத்தின் பின்னணி இசைத்தட்டுகளைச் சேர்த்தேன். ஒருவன் மாடிப்படி ஏறும்போது வரும் வயலின், கதவு திறக்கும்போது வரும் முரசு, இவைதாம் எனக்குப் பிடிக்கும். இதைக் கேட்டுப் பெண் கொடுக்க யோசித்தவர்கள் உண்டு. உங்கள் தகப்பனார் ஒருவர்தான், "பாட்டக் கேக்க ஊரே இருக்கு. பாட்டுக்கு நடுவுல நாங்க வாசிக்கறதக் கேக்கறதுக்கு இப்பத்தான் ஒரு ஆள் கெடச்சிருக்காரு" என்று சொல்லி உங்கள் அக்காவைக் கொடுத்தார். சினிமா வாத்தியக் குழுவில் டபுள் பாஸ் வாசித்தவர் அவர். அவரைவிட ஒரு முழம் உயரமான தந்தி வாத்தியம். நம்மிடம் இருக்கும் ஒரே புகைப்படத்திலும் அவருடைய ஒரு காதும் நெற்றியில் பாதியும்தான் தெரியும், மீதி வாத்தியம். குரலை எங்கும் பதிவு செய்ததில்லை. அவரிடமிருந்து மிஞ்சியது அந்த ஒரு இருமல். அவர் வாசித்த ஒரு படத்தின் தட்டு, இரண்டாம் பக்கம், மூன்றாவது இசை. கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிறாள். எல்லா வாத்தியங்களும் நான்கு எண்ணிக்கை நிற்கின்றன. மூன்றாம் எண்ணிக்கையில் மாமா இருமுகிறார். இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, "இருக்கட்டும், அந்தப் பொண்ணோட அப்பா பக்கத்து ரூம்ல இருக்காருன்னு நெனச்சுப்பாங்க" என்று விட்டுவிட்டாராம். கதைப்படி அந்தப் பெண்ணுக்குத் தகப்பனே கிடையாது. மாமா போன பிறகு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே, "அப்பாவ ஒரு தடவ போடுங்க அத்தான்" என்பீர்கள். நானும் போடுவேன். நாம் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் எண்ணிக்கைக்குக் காத்திருப்போம்.

இப்படி இருக்கையில் அந்த இசையை முதலில் கேசட்டாக மறுபடி வெளியிட்டார்கள். மறுவெளியீடு என்றாலே எனக்கு ஒரு சபலம், இந்த முறையாவது நன்றாக வந்திருக்கும் என்று. கேசட்டில் வேகம் கூடிப்போய் மாமாவின் இருமல் கோழிக்குஞ்சு தும்மியதுபோல் இருந்தது. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ நாலாவது தடவையில் கேசட் கருவி நாடாவை இழுத்து மென்றுவிட்டது. பிறகு சிடி வந்தது. அந்த நான்கு எண்ணிக்கை மௌனத்தை யாரோ பழுது என்று நினைத்து அப்படியே வெட்டி, இரு முனைகளையும் ஒட்டியிருந்தார்கள்; அந்தப் பெண் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே அழத் தொடங்கிவிடுகிறாள். போதாக்குறைக்கு அட்டையில் "பின்னணி இசை" என்பதற்குப் பதில் "பின்னணி வசை" என்று அச்சாகியிருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது உங்கள் அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா சமையக்கட்டுலேர்ந்து நான் பண்றதுதானே, அதையும் சிடியாப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சரி, பழைய தட்டு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். இனிமேல்தான் அலமாரி வருகிறது. ஆறு மாதத்துக்கு முன் தச்சர் ஒருவரை வரவழைத்தேன். அவர் தட்டுகளைப் பார்த்து, "அவ்வளவும் பாட்டா சார்?" என்றார். பாட்டு இல்லை, பின்னணி இசை என்றேன். "பாட்டே இல்லாத தட்டா? அப்ப உள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு நோயாளியைப் போலப் பரிவோடு பார்த்தார். மறுநாள் காலை நான் மாமாவின் தட்டைத் துடைத்து, உறையில் போடுமுன் மேசைமேல் வைத்துவிட்டு ஈரத்துணியை உதறப் போனேன். திரும்பி வந்தால் தச்சர் அதைப் பலகைமேல் கவிழ்த்து வைத்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலமாரியின் மூலையை வட்டமாக்கப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மூலை முடிந்து, தட்டை மரத்தூள்மேல் அப்படியே நகர்த்தி அடுத்த மூலை. நான் வாசற்படியில் நின்றேன். அவர் நிமிர்ந்து, "அளவு பிரமாதமா இருக்கு சார்" என்றார். நான், "ஆமாம், பன்னிரண்டு அங்குலம்" என்றேன். மைத்துனரே, நான் சொன்னது அவ்வளவுதான். நான்கு மூலையும் வட்டமாக வந்தன, அலமாரிதான் இடப்பக்கம் சாய்வாக வந்தது. ஊசி இப்போது முதல் எண்ணிக்கையிலிருந்து நேராக வயலினுக்குத் தாவுகிறது. உங்களிடமும் அக்காவிடமும் ஊசி தேய்ந்துவிட்டது என்று சொல்லி வந்தேன். ஊசிக்கு ஒன்றுமில்லை.

அப்போதுதான் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மூல ஒலிநாடா கிடைத்திருக்கிறது, பழையபடி பெரிய தட்டாகவே வெளியிடப்போகிறோம், முந்தைய வெளியீடுகளின் குறைகளை ரசிகர்கள் எழுதலாம் என்று. குறைகளைச் சுட்டத்தானே நான் பிறந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். முதல் மூன்றரைப் பக்கமும் அந்த இருமலின் பெருமை. அது பழுதல்ல, ஒரு மனிதர் என்று விளக்கம். கடைசி அரைப்பக்கத்தில் கோரிக்கைகளை வரிசையாகக் கொடுத்தேன். வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். மௌனத்தை முழுதாக விட வேண்டும். "வசை"யை "இசை" ஆக்க வேண்டும். இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதாக, இருமலை நீக்க வேண்டாம்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். பொருளில் மனம் போய்விட்டால் கண் ஏமாந்துவிடும் என்று, கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்வரை பின்னோக்கிப் படிப்போம். அப்படிப் படித்தால் எந்த எழுத்துப்பிழையும் ஒளிய முடியாது. அந்தக் கடிதத்தை மூன்று முறை பின்னோக்கிப் படித்தேன். ஒரு பிழை இல்லை. திருப்தியாக ஒட்டி அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது: "தாங்கள் சுட்டிய குறைகளைக் களைந்தோம். இருமல் விஷயத்திலும் தங்கள் விருப்பப்படியே செய்துவிட்டோம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொன்னதும் நான்தான். சென்ற புதன்கிழமை தட்டு வந்தது. பதில் கடிதத்தையும் என் கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கோப்பில் குத்தலாம் என்று நகலை எடுத்து, முதல் தடவையாக முன்னிருந்து பின்னாகப் படித்தேன்.

பன்னிரண்டாவது வரி: "இருமலை நீக்க வேண்டும்."

பதினொரு வேண்டும் எழுதிய கை, பன்னிரண்டாவதையும் அதே ஓட்டத்தில் எழுதிவிட்டது. பின்னோக்கிப் படித்தால் அதில் என்ன பிழை? அழகான, பிழையற்ற சொல். ஒரு துணைக்கால் இடறி உங்கள் தகப்பனார் போய்விட்டார். ஊரார் பிழையெல்லாம் திருத்தியவன், என் மாமனாரை நானே அழிக்கச் சொல்லி, அதுவும் அழகான கையெழுத்தில், எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தொழிலில் சொன்னால், சொத்தைப் பல் பதினொன்றைக் காட்டிவிட்டு நல்ல பல்லையும் சேர்த்துக் காட்டிவிட்டேன். "பிடுங்கின பல்லத் திருப்பி நட முடியாது அத்தான்" என்று நீங்கள் ஒருமுறை சொன்னது ஐந்து நாளாகக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தட்டின் கண்ணாடித்தாளைக்கூட நான் பிரிக்கவில்லை. சாய்ந்த அலமாரியில் மற்ற தட்டுகளுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அந்த நான்கு எண்ணிக்கை வெறும் மௌனமாக ஓடுவதை என்னால் கேட்க முடியாது. உங்கள் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, ஒன்றும் வராமல், உங்கள் முகத்தைப் பார்ப்பதை அதைவிடப் பார்க்க முடியாது.

ஆகையால் மைத்துனரே, நிறைய யோசித்து எழுதுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நிறுவனத்துக்கு மறுபடி எழுதி, இன்னொரு நல்ல மறுவெளியீட்டுக்கு வழி செய்கிறேன். என் ஆயுளுக்குள் வரும் என்று நம்புகிறேன். நம்பித்தானே இவ்வளவு தட்டும் சேர்ந்தது. அக்காவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அவளுக்கும் அவர் அப்பாதானே.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நீடு வாழட்டும், எதையும் முன்னிருந்தே படிக்கட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கத் தகுதியில்லாமல் எதிர்பார்க்கும்,
உங்கள் அத்தான்.

பி.கு.: கடிதத்தை உறையில் வைத்துவிட்டுத் தபால்தலை தேட உள்ளே போனேன். திரும்பி வந்தால் உங்கள் அக்கா மூக்குக்கண்ணாடியோடு கடைசிப் பக்கத்தில் இருந்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, "தச்சர்கிட்டயே வேண்டாம்னு சொல்ல வாய் வராத மனுஷன். எழுத மட்டும் கை எப்படி வரும்?" என்றாள். அதில் வசை குறைவாக இருந்ததுபோல் எனக்குப் பட்டது. பிறகு அலமாரிக்குப் போய், என் முன்னாலேயே காய் நறுக்கும் கத்தியால் கண்ணாடித்தாளைக் கிழித்தாள். உள்ளிருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. ஒலியைச் சுத்தம் செய்த பெண் எழுதியது: "ஐயா, உங்கள் கடிதத்தில் இருமலை நீக்க வேண்டும் என்று இருந்தது. மூன்றரைப் பக்கம் ஒரு இருமலைக் கொண்டாடிவிட்டு அதை நீக்கச் சொல்பவர் இருக்க முடியாது. எழுத்துப்பிழை என்று நானே திருத்திக்கொண்டேன். தவறானால் மன்னிக்கவும்."

அக்கா தட்டைப் போட்டாள். மூன்றாம் எண்ணிக்கையில் மாமா இருமினார், பக்கத்து அறையிலிருந்து இருமுவதுபோல. அத்தோடு நிற்கவில்லை. பழைய தட்டின் இரைச்சலில் இத்தனை வருஷம் புதைந்து கிடந்தது இப்போது கேட்கிறது: நான்காம் எண்ணிக்கையில், மிகவும் தாழ்ந்த குரலில், பக்கத்தில் நின்றவரிடம், "மன்னிச்சுக்குங்க." அக்கா ஊசியை எடுத்து மூன்று தடவை மறுபடி வைத்தாள். பிறகு, "எங்கம்மா காலம் பூரா காத்துக்கிட்டு இருந்த வார்த்த. இந்த மனுஷன் அத யாரோ ஒரு வயலின்காரர்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவை போட்டாள்.

எனவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. வேறு தாளில் எழுதலாம் என்றேன். "அப்படியே அனுப்புங்க, அவனும் அழுதுட்டுச் சிரிக்கட்டும்" என்கிறாள். தட்டின் பின்னட்டையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், "மெய்ப்புத் திருத்துநர்" என்பதை மட்டும் "மெய்ப்புத் திருந்துநர்" என்று அச்சிட்டு. இதற்காக இன்னொரு மறுவெளியீடு கேட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். உங்கள் அக்கா வேண்டாம் என்றாள். அவளுக்கு அந்த வார்த்தை சுலபமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அனைவரும் வர வேண்டும். இந்த வரியை முன்னிருந்தும் பின்னிருந்தும் படித்துவிட்டேன். "வேண்டும்"தான்.