கையும் மத்துமாக

வீட்டிலேயே வெண்ணெய் எடுப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. எடுப்பதில் தப்பில்லை; எத்தனையோ வீடுகளில் சத்தமில்லாமல் எடுக்கிறார்கள். நான் சொல்வது சத்தத்தோடு எடுப்பவர்களை. அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வருவார்கள், நீங்கள் ஆசையாக வார்த்த நெய்த் தோசையை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, சாவுச் செய்தி கேட்டவர்போல் தலையை ஆட்டி, "கடையில வாங்கின வெண்ணெய உருக்குனதுங்களா?" என்பார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தத் தோசை உங்கள் தொண்டையிலும் இறங்காது.

இந்த இனத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதானால் என் ஓட்டு எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் பகுதிக் குமாரசாமிக்கு. முப்பது வருஷம் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். பூமியைத் துளைத்தது போதும் என்று வண்டியை விற்றார். மறுநாளே வீட்டாரைத் துளைக்க ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் பால் காய்ந்ததும் ஆடை அவருக்குச் சொந்தம். அதை வழித்து வழித்து ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடி, ஃப்ரீசரில் இருபது நாள் சேர்ப்பார். அந்த இருபது நாளும் மற்றவர்கள் குடிப்பது, பாலைத் தூரத்திலிருந்து பார்த்த காபி. மிக்சியில் போட்டால் ரெண்டு நிமிஷந்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "மிக்சிச் சூட்டுல வெண்ணெயோட உசுரே போயிருமுங்க! மத்துல, கையில, மெதுவாக் கடையோணும்." போர் போட்ட காலத்தில் அவர் எதையும் மெதுவாகச் செய்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. மருமகள் சுகன்யாவின் அம்மா கண்ணாத்தாள், சேந்தமங்கலத்தில் நாலு எருமை வைத்திருப்பவர், வெண்ணெயைப் பற்றி வாயே திறப்பதில்லை. வாய் திறக்காதவரை எப்படி ஜெயிப்பது? போன் போட்டுவிட்டார். "ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு வாங்க சம்பந்தி. உங்க கண்ணு முன்னால கடைஞ்சு காட்டறேன்."

மனைவி உண்ணாமலை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏனுங்க, போன தடவ ரெண்டு மணி நேரம் கடைஞ்சும் மோருதான் மிஞ்சுச்சு. இந்தத் தடவயும் வெண்ணெய் வரலீன்னா மத்து பரணுக்குப் போயிரும், ஆடை காப்பிக்கு வந்துரும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் குமாரசாமி, ஆயிரம் அடியில் தண்ணீர் பார்த்தவரின் தெம்போடு.

ஞாயிறு காலை பொங்கலில் நெய்யைக் குளம் கட்டி ஊற்றிக்கொண்டு, "மத்து நெய்யின்னா மத்து நெய்தான்" என்று தன் பழைய உழைப்பைத் தானே பாராட்டினார். கண்ணாத்தாள் வந்ததும் நாற்காலி போட்டு, அடுப்படியில் உட்காரவைத்தார். தூக்கு ஃப்ரீசரில் இல்லை, கீழ்த்தட்டில் இருந்தது. குளிர் விடட்டும் என்று உண்ணாமலை இறக்கிவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பானையில் கவிழ்த்தார். வெள்ளை வெளேர். ஜன்னல் கம்பியில் மத்தைக் கட்டினார், கயிற்றை இழுத்தார், இழுத்துக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே இழுத்தார்.

"இப்ப நூறு அடி போயிருக்குதுங்க சம்பந்தி."

"ஆகட்டுங்க."

"இது பாறை. பாறை தாண்டுனாத்தான் ஊத்து."

கயிற்றின் சத்தம் அப்படி. அந்தத் தெருவில் யாரோ போர் போடுகிறார்கள் என்று நாலு பேர் குடத்தோடு வந்து வாசலில் நின்றதாகச் சொல்கிறார்கள். நான் மூன்று பேரைத்தான் பார்த்தேன்.

அரை மணியில் நுரை எழும்பியது. குமாரசாமியின் மீசை துடித்தது. உள்ளங்கையை நனைத்து, வழித்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். மிதந்தது.

"மெதக்குது! பாத்தீங்களா, மெதக்குது!"

கண்ணாத்தாள் எழுந்து வந்தார். ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்தார். பிறகு வெகு சாந்தமாக மகளிடம், "எண்ணெயக் காய வெய்யி கண்ணு" என்றார்.

"எண்ணெய் எதுக்குங்க?"

"வட சுடத்தானுங்க சம்பந்தி. இது உளுந்து மாவு."

சுகன்யா கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். "ஆடையில வாசன வந்துருச்சுங்க மாமா. நேத்து நீங்க வாக்கிங் போனப்ப மிக்சியில போட்டு எடுத்துட்டனுங்க. ரெண்டே நிமிசம். அம்மா வர்றாங்களேன்னு வடைக்கு ஆட்டுன மாவ அந்தத் தூக்குலயே வெச்சேன். காலையில பொங்கலுக்கு ஊத்திக்கிட்டீங்களே, அந்த வெண்ணெய உருக்குன நெய்தானுங்க."

வாசனையில்கூடத் தெரியவில்லையா என்று கேட்கிறீர்களா? வாய் ஓடும்போது இந்த இனத்துக்கு மூக்கு வேலை செய்வதில்லை.

உண்ணாமலை சொன்னதைச் செய்தார். மத்தைக் கழுவினார், துடைத்தார், ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏற்றினார். அன்று சாயங்காலக் காபியில் ஆடை மிதந்தது.

மனிதர் ஒடிந்துபோனார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஐந்தாவது வடையில் நிமிர்ந்தார். "ஏனுங்க சம்பந்தி, நெசத்தச் சொல்லுங்க. வெறும் கிரைண்டர் மாவுல இந்த மெதுவு வருமா?"

கண்ணாத்தாள் பொய் சொல்லத் தெரியாதவர். வடையைப் பிட்டுப் பார்த்தார். "வராதுங்க," என்றார்.

கெட்டது கதை. வெள்ளிக்கிழமைக்குள் மத்து பரணிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது நீங்கள் வைக்கும் வடையை அமுக்கிப் பார்த்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "மத்துல கடையாத மாவுங்களா?" என்கிறார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். பின்பக்கமாக மூடி போட்ட பாத்திரம் ஒன்று இருக்கிறதா? அதைப் பற்றி இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினீர்கள்? இருக்கட்டும். சம்பந்தியைக் கூப்பிடுவதற்கு முன்னால் மட்டும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், உள்ளே இருப்பது என்னவென்று.