கொலர்ச் சவுக்காரமும் மாப்பிள்ளை முகமும்

கூச்சக்காரர்களுக்குக் கோபம் வராது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பச்சைப் பொய். எங்களுக்கும் வரும். வாய்க்கு வராது, அவ்வளவுதான். உள்ளுக்குள்ளேயே கிடந்து புளிக்கும். என்னுடையது முப்பது வருசத்துக்கு மேலாகப் புளித்துக்கொண்டிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் இருந்தோம். என் வீட்டுக்காரர் முகம் வழிக்கிற நுரையைக் கடையில் வாங்கமாட்டார். "காத்தை டின்னிலை அடைச்சு விக்கிறான். அதை வாங்க நான் என்ன விசரனே?" என்பார். குளிக்கிற மலிவுச் சவுக்காரத்தைத்தான் முகத்தில் தேய்ப்பார். லண்டன் தண்ணீரில் அது நுரைக்குமா? கேத்திலின் அடியில் சுண்ணாம்பாகப் பிடிக்கிற தண்ணீர். சவுக்காரம் திரைந்த பால்மாதிரி முகத்தில் ஒட்டும். இவர் கன்னத்தை வெட்டிக்கொண்டு வந்து என்னை ஏசுவார், தேம்ஸ் ஆற்றில் நான்தான் சுண்ணாம்பு கலக்கிவிட்டவள்போல.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் வழி கண்டுபிடித்தது நான்தான். தேய்ந்த சவுக்காரத் துண்டுகளைச் சீவி, கொதித்து ஆறிய தண்ணீரை மேலாக இறுத்தெடுத்து (அடியில் நிற்கிற சுண்ணாம்பு வரக்கூடாது), அதில் கொஞ்சம் விட்டு ஊறவைத்தால் களிமாதிரி வரும். பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு அந்தக் களியில் சுற்றி, கோப்பைக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அடிக்கவேண்டும். அவசரப்பட்டால் குமிழிதான் வரும். பொறுத்து அடித்தால் முட்டை வெள்ளைக்கருபோல நுரை நிமிர்ந்து நிற்கும்.

இவர் ஒரு வாரம் அதைப் போட்டு வழித்தார். அடுத்த வாரம் வேலையிடம், கோயில், பஸ் தரிப்பிடம் எல்லா இடத்திலும், "நான் ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கிறன்" என்று தொடங்கிவிட்டார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல இருக்கிறது.)

அப்போது இவருடைய தம்பி குகனுக்குக் கலியாணம் வந்தது. கலியாணத்தன்று மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கிற சடங்கு எங்களிடம் உண்டு. ஊரில் அதற்கென்று ஆள் வருவார். லண்டனில் எங்கே போவது?

"நான் இருக்கிறன்" என்று இவர் எழும்பினார். "என்ரை நுரையிலை தம்பியின்ரை முகம் கண்ணாடிமாதிரி வரும், பாருங்கோ."

காலையில் எங்கள் முன்னறையில் குகனைக் கதிரையில் இருத்தினார்கள். சுற்றிவர ஆண்கள் பதினைந்து பேர். வீடியோக்காரன் வேறு.

குளியலறையில் என்னிடம் இரண்டு மாஜரின் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் முகத்துக்கான களி. மற்றதில் சேட்டுக் கொலரில் பிடிக்கிற கழுத்தழுக்குப் போக்க, உடுப்புச் சவுக்காரமும் தோய்க்கிற சோடாவும் போட்டுக் கரைத்த களி. அது தோலை உரிக்கும். நானே கையுறை போட்டுத்தான் தொடுவேன். இவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவடியில் நின்ற நான் கண்டுவிட்டேன்.

ஒரு மனுசி அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும்? "ஐயோ, அதை வையுங்கோ" என்று கத்தவேண்டும். நான் செருமினேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் நாக்கு எழும்பவில்லை. இன்னொருதரம் செருமினேன். வீடியோக்காரன் என் பக்கம் திரும்பினான். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு இவரைப் பார்த்துக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். "ஓமோம், இன்னும் நல்லா அடிக்கிறன்" என்று பிரஷ்ஷைச் சுழற்றினார், படித்த மனுசன்!

சோடா அல்லவா! லண்டன் தண்ணீர் அதற்கு முன்னால் அடங்கிப்போனது. நுரை கோப்பையை விட்டு வெளியே பொங்கியது. "பாத்தியளே!" என்று இவர் எல்லோருக்கும் காட்டினார். குகன் மட்டும், "அண்ணை, எரியுது" என்றான்.

"கலியாணமெண்டால் எரியத்தான் செய்யும். ஆடாமல் இரு."

"இல்லை அண்ணை, மெய்யாவே எரியுது."

"பொறடா, நுரை ஊறவேணும்."

ஊறியது. வழித்து முடிந்தபோது குகனின் முகம் அவித்த நண்டுமாதிரி இருந்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் உதடும் வீங்கிவிட்டது. பெண்ணின் தாய் பதறிப்போனா. "மாப்பிள்ளைக்கு ஏதும் தொத்து வருத்தமோ? இருந்தால் இப்பவே சொல்லுங்கோ, தாலி கட்டின பிறகு சொல்லாதேங்கோ." கலியாணம் நிற்கப்போகிறது என்றே நான் நினைத்தேன்.

அப்போது இவர் சொன்னார், மண்டபத்துக்கே கேட்கிறமாதிரி: "வருத்தம் ஒண்டுமில்லை அக்கா. இவள்தான் டப்பாவை மாத்தி வைச்சிட்டாள். படிப்பறிவு இல்லாதது, என்ன செய்யிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலக் குனிந்தேன். மணப்பெண்தான் நிமிர்ந்து குகனைப் பார்த்து, "சவுக்காரம்தானேயம்மா, வடிஞ்சிடும்" என்றாள். (தங்கமான பிள்ளை.) ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. அந்தச் சத்தத்தில் ஒரு குஞ்சுக்கும் கேட்காது என்ற தைரியத்தில், வாழ்க்கையில் முதல்தரமாக, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"நான் மாத்தேல்லை! டப்பாவை எடுத்தது நீங்கள்! முகத்தை எரிச்சது நீங்கள்! முறையைக் கண்டுபிடிச்சது நான்!"

மூன்றாவது வசனத்தோடு மேளம் நின்றுவிட்டது. நாலாவது மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

வீடியோவிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. தாலி ஏறுகிறது, மேளம் நிற்கிறது, மாப்பிள்ளையின் நண்டு முகத்துக்கு மேலே என் குரல்: "முறையைக் கண்டுபிடிச்சது நான்!" பெண்வீட்டாருக்கு நான் இன்றைக்கும் மாப்பிள்ளையின் முகத்தை எரித்துவிட்டுப் பெருமையடித்த மனுசிதான். இவர் ஒருநாளும் திருத்தவில்லை. ஆனால் அந்தக் கிழமையே கடைக்குப் போய் நுரை டின் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது குகனுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. குடும்பத்தில் எந்தக் கலியாணம் என்றாலும், ஐயர் தாலியை எடுத்ததும் யாராவது ஒரு குரங்கு என் காதடியில் குனியும்: "அன்ரி, சொல்லக் கிடக்கிறதைக் கெதியாச் சொல்லுங்கோ, மேளம் நிக்கப்போகுது!"

சிரிக்கட்டும். நான் இப்போதெல்லாம் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்த பிறகு, இவர் எழும்ப முடியாதபடி பக்கத்தில் இருந்துகொண்டு, முதலாவது வசனத்திலிருந்து தொடங்குகிறேன்.