குணவாசிப்புத் திலகமும் இருபது கேள்விகளும்

கண்டி நகரில் அந்தக் கிழமை மழையை விட அதிகம் பேசப்பட்டது ராஜலிங்கத்தைப் பற்றித்தான். நோட்டீஸில் அந்த ஆளுக்குப் பட்டம், 'குணவாசிப்புத் திலகம்'. பிள்ளையின் நடத்தையைப் பற்றி இருபது கேள்வி. தாய் சரி, பிழை போட்டுக் கொடுக்க வேண்டும். திலகம் தாளின் மேல் கை வைத்துக் கண்ணை மூடும். பிள்ளையின் தலைவிதி வெளியே வரும். கண்ணை மூடுமுன் பேரும் விலாசமும் எழுதிய இடத்தை ஒருதரம் நோட்டம் விடும். அதை யார் கவனித்தார்? புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சனம் மண்டப வாசலில் இடிபட்டுக்கொண்டு நின்றது. யோசிக்கிற வேலையைத்தான் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்ததே!

மஹய்யாவ ஒற்றை அறை வீட்டு நிரோஷாவும் அப்படித்தான். அவளுடைய ஏழு வயது மகன் கணேஸ் வகுப்பில் அடிக்கடி எழும்பி நிற்கிறான். போன கிழமை திலகம் சொன்னது: "ராகு புத்திம்மா. இவன் இருந்தா வகுப்பே கெட்டுப்போகும். பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டு ஆறு மாசம் ஹுன்னஸ்கிரியவுல நம்ம ஆசிரமத்துல விடுங்க."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்துவிட்டாள். பேனையைத் திறந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க நிரோஷா!" கணேஸின் வகுப்பு டீச்சர் ருஷ்தா குறுக்கே வந்து, திலகத்திடம் ஒரு தாளை நீட்டினார். "எங்கட சொந்தக்காரப் புள்ள, பவாஸ். அனிவத்தையில பெரிய வீடு. வாசிங்க பாப்பம்."

கை வைத்தது, கண் மூடியது, முகம் மலர்ந்தது. "ஆஹா, குரு உச்சம்! உக்கார விடாத அறிவு! பொடியன் டொக்டராத்தான் வருவான்."

சனம் கைதட்டியது. ருஷ்தா, நிரோஷாவின் போன கிழமைத் தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டையும் சத்தமா வாசிங்க."

நிரோஷா வாசித்தாள். முதல் கேள்வி, இரண்டிலும் சரி. அடுத்தது, இரண்டிலும் பிழை. இருபதிலும் மாற்றமில்லை.

"டீச்சர், பேரும் விலாசமும் மட்டுந்தானே வேற!"

"பவாஸ்னு ஒரு புள்ளயே இல்ல. அண்டைக்கு நீங்க காட்டின தாளப் பாத்துத்தான் எழுதினேன்."

"அது... தாளோட அதிர்வு..." என்று இழுத்தது திலகம்.

"சரி, பேரையும் விலாசத்தையும் மறைச்சுப் பத்துத் தாள் தாறேன். இண்டைக்கும் வாசிங்க, நாளைக்கும் வாசிங்க. ரெண்டு நாளும் ஒண்டையே சொன்னா நானே மாலை போடுறேன்."

திலகத்துக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது.

"அப்ப எம்புள்ள ஏன் டீச்சர் எழும்புறான்?"

"எத்தன தரம் எழும்புறான்னு நானும் எண்ணினேன். பக்கத்து வகுப்பு டீச்சரும் தனியா எண்ணினாங்க. பலகையில எழுதுற நேரம் மட்டுந்தான் எழும்புறான். ரெண்டு பேருக்கும் அதே கணக்கு. முன் வரிசை வாங்குக்கு மாத்தினேன். பொறகு ஒருதரங்கூட எழும்பல்ல. கண்ண டொக்டர்ட்ட காட்டுங்க. கண்ணாடி போட்டாச் சரியா வரும்."

நிரோஷா கடிதத்தை நாலாய்க் கிழித்தாள். "அனிவத்தைக்குக் குரு, எங்களுக்கு ராகுவா? அந்த ஆசிரமத்துல நீயே போயி இருய்யா!"

மண்டபம் அதிர்ந்தது. ஆனாலும் வரிசையின் கடைசியில் ஒருத்தர் பக்கத்து ஆளிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, நம்மளும் அனிவத்தைன்னு எழுதிக் குடுத்தா, நம்ம புள்ளைக்கும் குரு வருமா?"

கணேஸுக்கு ஒரு கண்ணாடி போதும். அந்த வரிசைக்கு எத்தனை வேண்டுமோ!